அந்தத் துட்டு யாரு துட்டு? திருட்டுக் கூட்டக் கதைகளில் எதைப் பார்ப்பது

தூதன் வேடத்தில் பகலெல்லாம் அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவன், இருட்டியதும் பெண் வேடம் போட்டு உள்ளே போகிறான். விளக்கின் நிழலிலேயே ஒதுங்கி நடந்து, தூங்குகிற இளவரசனின் மார்பில் கிடந்த ஆரத்தைக் கழற்றுகிறான். இளவரசன் விழித்து வாளை உருவுகிறான். திருடன் அதன் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாள் வீசும்போதெல்லாம் அதை உறைக்குள்ளேயே வாங்குகிறான். சலித்துப்போன இளவரசன் மற்போருக்குப் பாய்ந்தால், எதிரில் நிற்பது ஒரு தூண். திருடன் போய்விட்டான்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களுக்குச் சொல்லும் கதை இது. கோவலனைப் பார்த்த காவலர்கள் 'இவன் முகத்தில் திருட்டுக்களை இல்லையே' என்று தயங்குகிறார்கள். அப்போது அவன் ஒரு பாடமே நடத்துகிறான். திருடனுக்குத் துணை எட்டு என்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒரு கும்பல் கொள்ளைப் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர் இந்த எட்டையும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், பாடம் நடத்துகிறவன்தான் உண்மையான திருடன். அரசியின் சிலம்பு அவனிடம்தான் இருக்கிறது.

கொற்கைக்காரர்களுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. கோவலனுக்காகக் கண்ணகி தொடுத்த வழக்கு தீர்ந்ததே முத்தால்தான். பாண்டிமாதேவி சிலம்பின் பரல் முத்து, கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம். பாண்டியனின் முத்துத் துறை கொற்கை. இன்று கடல் பின்வாங்கி, தாமிரபரணிப் படுகையில் வயலும் குளமுமாகக் கிடக்கிற அதே கொற்கை. மதுரை எரிந்த பிறகு கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான் என்பதையும் காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. மழையில்லை, நாட்டில் பஞ்சம். கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான், மழை பெய்தது. ஒருவன் திருடினான். ஆயிரம் பேர் தலை கொடுத்தார்கள்.

திருட்டுக் கதைகளைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த இரண்டும் போதும். முதலாவது, அந்த எட்டில் எத்தனையைக் கதை உண்மையாக உழைத்துக் காட்டுகிறது என்பது. இரண்டாவது, விலை கொடுப்பது யார் என்பது; அதை என் ஆச்சி வேறு மாதிரிக் கேட்பாள். டிவியில் யாராவது பெட்டகத்தை உடைத்தால் போதும், "ஏல, அந்தத் துட்டு யாரு துட்டுல?" என்பாள். கெட்டவன் துட்டு என்றால் நிம்மதியாகப் பார்ப்பாள். ஏழை போட்டு வைத்த துட்டு என்றால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். கடைசியில் விலை கொடுப்பது யார் என்பதைத்தான் அவள் கேட்டாள் என்று வைத்துக்கொள்கிறேன். திட்டம் எவ்வளவு சாமர்த்தியமானது என்று பார்த்துப் படம் தேர்ந்தெடுப்பவர்கள் பாதி ஏமாந்துபோகிறார்கள். சாமர்த்தியம் ஒருதடவை பார்த்தால் தீர்ந்துவிடும்.

முதலில் ஜப்பான்காரர்கள் எடுத்தவை. இந்த வகையில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். 1594-ல் கொல்லப்பட்ட இஷிகாவா கோயெமோன் என்ற திருடனையே இன்னும் நாடகத்திலும் கார்ட்டூனிலும் விடாமல் இழுத்து வருகிறவர்கள்.

அவசரமாகச் சிரிக்க வேண்டுமென்றால் 'கான்ஃபிடன்ஸ் மேன் ஜேபி'. ஃபுஜி டிவியில் 2018-ல் வந்தது, பத்து அத்தியாயம், எழுதியவர் ரியோதா கோசவா. டாக்கோ என்ற பெண், 'போக்கு-சான்' என்று கூப்பிடப்படும் அப்பாவி இளைஞன், ரிச்சர்ட் என்ற பெரியவர் என்று மூன்றே பேர். வாரத்துக்கு ஒரு பணத்திமிர் பிடித்தவனைக் கவிழ்ப்பார்கள். டாக்கோவாக நடிக்கும் மசாமி நாகசாவா முகத்தைக் கோணிக்கொண்டு செய்கிற சேட்டைகளுக்காகவே பார்க்கலாம். குறை ஒன்று உண்டு. கடைசி பத்து நிமிடத்தில் கதையைப் பின்னோக்கிச் சுற்றி, 'நாங்கள் இதையும் முன்பே செய்திருந்தோம்' என்று நமக்குக் காட்டாததையெல்லாம் காட்டுவார்கள். மூன்று நான்கு அத்தியாயத்துக்குள் நமக்கே பிடிபட்டுவிடும். ஆச்சியின் கேள்விக்கு இதில் பதில் சுலபம்: எல்லாம் கெட்டவன் துட்டு. அதனால்தான் மனதில் எதுவும் தங்குவதில்லை.

'லூபினின் மகள்' (2019, இரண்டாம் பருவம் 2020) இன்னும் கலகலப்பு. திருட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்கும் போலீஸ் குடும்பத்துப் பையனுக்கும் காதல். நடுவில் ஒருவன் வந்து பாட்டே பாடுவான். நம்மூர்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. பிள்ளைகளோடு பார்க்க ஏற்றது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நிதானமாக உட்கார முடிகிறவர்கள் 'ஒனிஹெய் ஹன்காச்சோ'வைத் தேடிப் பிடியுங்கள். ஷோதாரோ இகெனாமியின் கதைகள் அடிப்படை. நகமுரா கிச்சியெமோன் நடித்த தொடர் 1989-ல் தொடங்கி 2016 வரை விட்டுவிட்டு வந்தது. கதாநாயகன் ஹசெகாவா ஹெய்சோ 18-ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே வாழ்ந்தவர். பழைய டோக்கியோவான 'எடோ' நகரில் தீவைப்போரையும் திருடரையும் பிடிக்கும் படைக்குத் தலைவர். போலீஸ் கதைதான். ஆனால் திருட்டை ஒரு தொழிலாக, அதன் ஒழுங்கோடு இவ்வளவு பொறுமையாகக் காட்டிய தொடர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நல்ல கும்பலுக்கு மூன்று கட்டுப்பாடு: கொல்லக் கூடாது, பெண்ணைத் தொடக் கூடாது, இல்லாதவனிடம் எடுக்கக் கூடாது. ஒரு வணிகர் வீட்டைக் குறிவைத்தால், தங்கள் ஆள் ஒருத்தியை அங்கே வேலைக்காரியாக முன்கூட்டியே சேர்த்துவிடுவார்கள். மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் அவள் அங்கே அரிசி களைந்து, தரை துடைத்து, முதலாளியம்மாவின் நம்பிக்கையைச் சம்பாதிப்பாள். குறித்த இரவில் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: உள்தாழ்ப்பாளை நீக்குவது.

பூட்டை உடைக்கிற சத்தமே கிடையாது. 'கருவி' அங்கே ஒரு மனுஷி. இத்தனை வருடம் பழகிய வீட்டைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வருமா என்பதில்தான் பல அத்தியாயங்கள் நிற்கின்றன. அந்த வேலை செய்துவந்த ஒமாசா என்ற பெண் பிறகு ஹெய்சோவின் உளவாளியாகிறாள். தன் பழைய கூட்டாளிகளைத் தெருவில் அடையாளம் காட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பாருங்கள். சப்டைட்டில் வாசித்தே பார்க்க வேண்டியிருக்கும், வேகமும் குறைவு. பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நான்காவது, 'டோக்கியோ ஸ்விண்ட்லர்ஸ்'. நெட்ஃபிளிக்ஸில் 2024 ஜூலையில் வந்தது, ஏழு அத்தியாயம். பத்திரப்பதிவு அலுவலகத்து வாசலில் ஒருதடவையாவது காத்திருந்த எவருக்கும் இது அடிவயிற்றைக் கலக்கும். நிலத்தைத் திருடுகிற கும்பலின் கதை. நிலத்தை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. நில உரிமையாளராக ஒரு ஆளைத் தயார் பண்ணி விற்றுவிடலாம். கும்பலில் ஒருவர் தகவல் தோண்டுகிறவர், ஒருவர் ஆவணம் தயாரிப்பவர், ஒருவர் சட்டம் பேசுகிறவர். ஒரு பெண்ணின் வேலை, உரிமையாளர் வயதுக்கும் சாயலுக்கும் பொருந்துகிற ஏதோ ஒரு ஏழையைத் தேடிப் பிடித்து நடிக்கப் பழக்குவது. பிறந்த தேதி, பிறந்த வருடத்துக்குரிய விலங்கு, வீட்டுப் பக்கத்துக் கடை என்று எல்லாவற்றையும் அந்த ஆள் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பிக்க வேண்டும். வாங்க வந்தவரின் ஆள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கும்பலுக்கும், திரைக்கு முன்னால் இருக்கும் நமக்கும் ஒரே சமயத்தில் வியர்க்கும். துப்பாக்கி, ஓட்டம், கயிறு எதுவுமில்லாமல் இவ்வளவு பதற்றம் உண்டாக்கிய காட்சி சமீபத்தில் எதிலும் இல்லை.

இதற்கு அடிப்படை நிஜம். 2017-ல் டோக்கியோவின் கொதாந்தா பகுதியில், மூடிக்கிடந்த ஒரு பழைய விடுதியின் நிலத்தை 'உரிமையாளர்' என்று வந்த பெண்ணிடம் வாங்கப்போய், செகிசுய் ஹவுஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் சுமார் 550 கோடி யென்னைப் பறிகொடுத்தது. நம் ஊரில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பவர் என்று அலைந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வெளிநாட்டில் மகன், ஊரில் பூட்டிய வீடு, வேலி போட்ட மனை என்று இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க வேண்டிய தொடர். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்; ரத்தமும் நிர்வாணமும் தாராளம்.

இனி நம்முடையவை. தமிழில் கூட்டாகத் திருடும் படம் என்றால் முதலில் 'சூது கவ்வும்'. நலன் குமரசாமியின் முதல் படம், 2013 மே 1-ல் வந்தது. நாலு பேர் கும்பல். தலைவன் தாஸ் தன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற காதலியோடு பேசிக்கொண்டு திரிகிறவன். கூட்டாளிகளில் ஒருவன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டு வந்தவன். ஆள் கடத்தல் தொழிலுக்குத் தாஸ் சட்டதிட்டம் வைத்திருக்கிறான். அதிகாரத்தில் இருப்பவனிடம் போகவே கூடாது என்பது அதில் முக்கியமானது. அதை மீறி மந்திரி மகனைத் தூக்கியதும் எல்லாம் குலைகிறது. 'ஒனிஹெய்'யின் மூன்று கட்டுப்பாட்டையும் தாஸின் விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே விதி இருப்பது இல்லாதவனைக் காப்பாற்ற. இங்கே விதி இருப்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. பெரிய இடத்தில் கைவைத்தால் தொலைந்தோம் என்பது நம் நாட்டுத் திருடனுக்கு அனுபவத்தில் வந்த அறிவு. படம் அதைப் பிரசங்கம் பண்ணாமல் சிரிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது. துரத்தி வரும் போலீஸ் அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவர் பேசியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது. ஒரே ஒரு தமிழ்ப் படம்தான் பார்ப்பேன் என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

'மங்காத்தா' (2011) அஜித்தின் ஐம்பதாவது படம். கிரிக்கெட் சூதாட்டத்தில் புரளும் 500 கோடி. துட்டு யாருடையது என்ற கேள்விக்கு வெங்கட் பிரபு கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது: கறுப்புப் பணம், எடுத்தாலும் புகார் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். பிறகு அந்தப் பணத்துக்காகக் கூட்டாளிகளே ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வைத்துவிட்டார். கூட்டம் சேர்வதைவிடக் கூட்டம் உடைவதுதான் இதில் ருசி. எச். வினோத்தின் 'துணிவு' (2023) ஒரு வங்கிக்குள் தொடங்கி, வங்கியே வாடிக்கையாளரைக் கொள்ளையடிக்கும் கதைக்குத் திரும்புகிறது. பரஸ்பர நிதி என்று கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கரைத்ததைப் பற்றிப் பாதிப் படம் பாடம் நடத்துகிறார்கள். ஆச்சி எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்த படம் அது. எனக்கு மங்காத்தா, குடும்பத்தோடு என்றால் துணிவு.

இதே வினோத்தின் முதல் படமான 'சதுரங்க வேட்டை' (2014) இந்தப் பட்டியலில் கொஞ்சம் வேறு மாதிரி. காந்தி பாபு கூட்டம் சேர்த்துத் திருடுகிறவன் இல்லை. ஏமாறுகிறவர்களையே கூட்டமாகச் சேர்க்கிறவன். மண்ணுளிப் பாம்பு, கோயில் கலசத்தில் அரிசி இழுக்கும் இரிடியம், ஆள் சேர்த்தால் காசு என்று அவன் விற்கும் ஒவ்வொன்றும் நம் மாவட்டத்துப் பத்திரிகைகளில் செய்தியாக வாசித்ததுதான். பொற்கொல்லன் சொன்ன எட்டில் 'தந்திரம்' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படம் எடுத்திருக்கிறார்கள். 'மந்திரம்' வேண்டுமானால் 'மரகத நாணயம்' (2017): சாபம் பிடித்த நாணயத்தை எடுக்க, செத்தவன் உடம்பில் ஆவியை ஏற்றிக் கும்பல் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பெட்டகமும் பூட்டும் பிடித்தவர்கள் 'நாணயம்' (2010) பார்க்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்தை வடிவமைத்தவனையே அதை உடைக்க வைக்கும் கதை. அதிகம் பேசப்படாத 'ராஜதந்திரம்' (2015) சில்லறை மோசடி செய்து பிழைக்கும் மூன்று நண்பர்கள் பெரிய வேலைக்குப் போவதைப் பற்றியது. நட்சத்திரம் இல்லாததால் யார் தப்புவார் என்று கடைசிவரை ஊகிக்க முடியாது. அது ஒரு வசதி.

'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வினோத் படம்தான். நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையடித்த பவாரியா கும்பலைத் தமிழ்நாடு போலீஸ் வடக்கே போய்ப் பிடித்த நிஜ நடவடிக்கையை ஒட்டியது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகு வேகம் பிடித்த வழக்கு அது. விறுவிறுப்பில் மேலே சொன்ன எதற்கும் குறைந்ததில்லை. கைரேகை ஒன்றை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் பகுதிகள் அருமை. ஆனால் ஒரு கும்பலைக் காட்டவேண்டிய இடத்தில் ஒரு இனத்தையே காட்டுகிறது. அந்த இனம் படம் முழுக்க இரத்தத்தோடு சேர்ந்தே வருகிறது. நடுவில் அவர்கள் வரலாறு சொல்லும் பகுதி அந்தக் கறையைக் கழுவப் போதவில்லை. வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது இதைத்தான்: ஒருவன் திருடினால் அவன் பிறந்த கூட்டமே திருட்டுக் கூட்டம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் அந்தச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்ட ஊரின் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட முடியவில்லை. படத்தைப் பாருங்கள், இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஸ்பெயின் தொடரான 'மணி ஹைஸ்ட்' பார்க்காதவர் குறைவு. தமிழ்க் குரலிலும் வந்துவிட்டது. புரொஃபசரின் கும்பல் புகுந்த முதல் இடம் ஸ்பெயினின் நாணயச் சாலை, அதாவது அக்கசாலை. கொற்கையில் அக்கசாலைப் பெயரிலேயே ஒரு கோயில் இருக்கிறது. பாண்டியர் காசு அடித்த இடத்தின் நினைவு அது என்பார்கள். புரொஃபசர் எடுப்பது யாருடைய துட்டும் இல்லை, புதிதாக அச்சடித்த துட்டு. ஆச்சியின் கேள்வியைச் சமாளிக்க இதைவிடக் கெட்டிக்கார வழியை எந்தத் திரைக்கதையும் கண்டுபிடிக்கவில்லை. முதல் இரண்டு பருவத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாக்கியவான்கள்.

நம் கடற்கரை மட்டும் இந்த வகையில் இன்னும் கடன்பட்டே இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் திரையில் வந்தால் 'சிங்கம் 2' (2013) மாதிரி போலீஸ் ஒருபக்கம், கடத்தல்காரன் மறுபக்கம் என்றே வருகிறது. கும்பல் எப்படிச் சேர்ந்தது, படகில் போன பையனுக்கு என்ன கிடைத்தது என்று எவரும் காட்டுவதில்லை. கதைக்கா பஞ்சம்? கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கியதாகச் சொல்கிறது. பிற்கால முத்துச் சலாபங்களில், அழுகிய சிப்பியைத் தொட்டியில் கழுவுகிறவர்களை வரிசையாக உட்கார வைத்து, கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் அடிக்கக் காவலாள் நிறுத்தியிருந்தார்கள். முத்தை விழுங்கிவிடுவார்கள் என்று பயம். கடலில் சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி', கயிறு பிடிக்கும் ஆள், மூச்சடக்கி இறங்கும் ஆள், கரையில் விலை பேசும் வியாபாரி. எட்டுத் துணையும் ஒரே கரையில் இருக்கிறது.

நிஜமே போதும் என்கிறவர்களுக்கு ஒரு ரயில் கதை. 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்த ரயிலில், ரிசர்வ் வங்கிக்குப் போன பழைய நோட்டு 342 கோடி. பெட்டியின் கூரையில் துளை போட்டு 5.78 கோடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 2018-ல்தான் மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்று பிடிபட்டது. அதற்குள் பணமதிப்பிழப்பு அறிவித்த 2016 நவம்பர் 8 வந்து போயிருந்தது. எடுத்த 500-ம் 1000-மும் கையிலிருக்கும்போதே செல்லாத காகிதமாயின. இடம், கருவி, தந்திரம் எல்லாம் கைகொடுத்தது. காலம் மட்டும் கவிழ்த்தது. இதைத் தொடராக எடுத்தால் முதல் ஆளாக உட்காருவேன்.

சரி, இன்றைக்கு ராத்திரிக்கு எது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'மரகத நாணயம்', அதைப் பார்த்துத் தீர்ந்திருந்தால் 'லூபினின் மகள்'. நண்பர்கள் கூடியிருந்தால் 'சூது கவ்வும்', இரண்டாவது ஆட்டத்துக்கு 'மங்காத்தா'. தனியாக, நாலைந்து இரவு கையிலிருந்தால் 'டோக்கியோ ஸ்விண்ட்லர்ஸ்'. மழைக்காலத்தில் வெளியே போக வழியில்லாமல் வாரக் கணக்கில் அடைந்து கிடக்கிறவர்களுக்கு 'ஒனிஹெய்'. வயதானவர்கள் கூட இருந்தால் 'துணிவு'. வங்கியைத் திட்ட அவர்களுக்கும் ஒரு சந்தர்ப்பம். ஒரு எச்சரிக்கை: ஜப்பான் தொடர் தேடப்போய், 2023-ல் வந்த கார்த்தியின் 'ஜப்பான்' கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். அதில் ஜப்பான் என்பது தங்கப்பல் வைத்த நகைக்கடைத் திருடன் ஒருவனின் பெயர்.